நீருக்குள் சும்மா இருக்கும் வித்தை

சமுத்திரத்தின் அடிக்குச் சென்று திரும்புவதற்கு மனிதன் இதுவரை மூன்று வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறான். நீர்மூழ்கிக் கப்பலில் சௌகரியமாக உட்கார்ந்து போவதைச் சொல்லவில்லை. உடம்பு தண்ணீரில் இருக்க, ஆள் தானே இறங்கும் வழிகளைத்தான் சொல்லுகிறேன்.

முதல் வழி நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கு நெடுங்காலமாகத் தெரிந்தது. முத்துக் குளிக்கும் குளியாளி கயிற்றில் கட்டிய கனத்த கல்லொன்றின் மேல் காலை வைப்பான். மூச்சை இழுத்து அடக்குவான். கல் அவனை விர்ரென்று கடலின் அடிக்குக் கொண்டு போய்விடும். தோணியிலுள்ள துணையாள் கல்லை மேலே இழுத்துக் கொள்ள, குளியாளி ஒரு நிமிஷத்திற்குச் சற்று முன்பின்னாக அங்கே சிப்பிகளை வாரிக்கொண்டு, கயிற்றைப் பற்றி மேலே வருவான்.

இரண்டாவது வழி ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. தலையில் செப்புக் கவசம், காலில் ஈயம் பதித்த பூட்ஸ், மேலேயுள்ள படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று. இந்த வேஷத்தில் இறங்கியவன் கடலின் அடியில் நடந்தான், நீந்தவில்லை.

மூன்றாவது வழி 1943-ல் பிரான்ஸ் தேசத்தில் பிறந்தது. எமில் கான்யான் என்ற இஞ்சினீயர், பெட்ரோல் பஞ்ச காலத்தில் மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுவதற்காக ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை உத்தியோகஸ்தர் அவரிடம் வந்து சேர்ந்தார். இருவருமாக அந்த வால்வைத் திருத்தி, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும்படி அமைத்தார்கள். முதுகில் ஸிலிண்டர், வாயில் ரெகுலேட்டர், காலில் துடுப்பு. இன்று "ஸ்கூபா" என்று வழங்குவது அதன் பரம்பரையில் வந்ததே.

முதல் இருவருக்கும் கடலின் தரை ஆதாரமாக இருந்தது. இந்த மூன்றாவது ஆசாமிக்கோ மேலும் இல்லை, கீழும் இல்லை. விசுவாமித்திரர் நிறுத்தி வைத்த திரிசங்குவைப் போல நடுவிலே நிற்க வேண்டும். திரிசங்குவையாவது ஒரு மகரிஷியின் தபோபலம் தாங்கிற்று. ஸ்கூபா பழகுபவரைத் தாங்குவது எது என்பதே இந்த வாரத்துக் கேள்வி.

ஒரு கடிதம்

இந்தக் கேள்வியைக் கிளப்பியவள் என் பழைய மாணவி ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரத்தில் கெட்டிக்காரி. இப்போது சென்னையில் உத்தியோகம் பார்க்கிறாள். விடுமுறைக்கு அந்தமான் சென்று, 2018-ஆம் வருஷம் வரை ஹாவ்லாக் என்று பெயர் பெற்றிருந்து இப்போது ஸ்வராஜ் தீவு ஆகியிருக்கும் தீவிலே ஸ்கூபா பழகியிருக்கிறாள். அங்கிருந்து திரும்பி வந்து எழுதிய கடிதத்தின் சாரம் இது:

"ஸார், முதல் நாள் 4 கிலோ ஈயம் கட்டி விட்டார்கள். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. முடிவில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிற்க வேண்டும் என்றார்கள். என்னால் நிற்க முடியவில்லை. தக்கையைப் போல் மேலே போய்விட்டேன். மறுநாள் 7 கிலோ கட்டினார்கள். அன்று கல்லைப் போல் கீழே போனேன். பவளப் பாறையின் மேல் முழங்கால் ஊன்றி விழுந்தேன். பிடித்துக் கொள்வதற்காகக் கை நீட்டியதில் பவளக் கிளை ஒன்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை எழுதி முழு மார்க்கு வாங்கியவள் நான். கடலில் அந்த மார்க்கு எனக்கு உதவவில்லை. வீட்டில் எல்லோரும் 'விட்டுவிடு' என்கிறார்கள். விட்டுவிடட்டுமா?"

நான் நாற்பது வயதுக்கு மேல் புதுச்சேரியில் இந்த வித்தையைக் கொஞ்சம் பழகியவன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் கடலுக்குள் இறங்க ஆரம்பித்து விட்டார்களாகையால், மற்றவர்களுக்கும் பயன்படக் கூடும்.

ஆர்க்கிமிடீஸ் சொன்னதும் பாயில் சொன்னதும்

நீரில் மூழ்கிய பொருள் எவ்வளவு நீரை ஒதுக்குகிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். இதுதான் ஆர்க்கிமிடீஸ் தத்துவம். சாமான்களோடு சேர்த்து 90 கிலோ எடையுள்ளவர் 92 கிலோ நீரை ஒதுக்கினால் மிதப்பார். 88 கிலோ நீரை ஒதுக்கினால் மூழ்குவார். சரியாக 90 கிலோ நீரை ஒதுக்கினால் இரண்டும் இல்லாமல் நிற்பார். இந்த நிலைக்குச் சமமிதப்பு என்று பெயர் வைத்துக் கொள்வோம். ஸ்கூபா பழகுபவருடைய பாடுகள் எல்லாம் இந்தச் சமமிதப்பிற்காகத்தான்.

ஆர்க்கிமிடீஸோடு விஷயம் முடிந்துவிட்டால், கரையிலேயே தராசு வைத்து நிறுத்து ஈயத்தைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இறங்கிவிடலாம். அப்படி முடியாமல் செய்கிறவர் ராபர்ட் பாயில் என்ற இன்னொரு விஞ்ஞானி. காற்றின் மேல் அழுத்தம் இரு மடங்கானால் அதன் கனபரிமாணம் பாதியாகும் என்று 1662-ல் அவர் விளக்கினார். கடலில் 10 மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. மேல் மட்டத்தில் 1. 10 மீட்டரில் 2. 20 மீட்டரில் 3. 30 மீட்டரில் 4.

ஸ்கூபா பழகுபவரின் உடம்பில் அமுங்கி விரியும் காற்று மூன்று இடங்களில் இருக்கிறது. அவர் அணிந்திருக்கும் ரப்பர் உடைக்குள் கோடிக்கணக்கான சிறு குமிழ்களாக இருக்கிறது. "பி.ஸி.டி." என்று சுருக்கமாக அழைக்கப்படும் காற்றுச் சட்டைக்குள் இருக்கிறது. மூன்றாவதாக, சுவாசப் பைக்குள் இருக்கிறது. கீழே போகப் போக முதல் இரண்டும் அமுங்குகின்றன. ஆள் ஒதுக்கும் நீர் குறைகிறது. இன்னும் கீழே போகிறார். மேலே வர வர அவை விரிகின்றன. ஒதுக்கும் நீர் அதிகமாகிறது. இன்னும் மேலே போகிறார்.

ஆகவே சமமிதப்பு என்பது கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டு அல்ல. கவிழ்த்த குடத்தின் மேல் வைத்த கோலிக்குண்டு. எந்தப் பக்கம் சற்று நகர்ந்தாலும் அந்தப் பக்கமே உருண்டுவிடும். என் மாணவியின் முழு மார்க்கு அவளுக்கு உதவாததன் காரணம் இதுதான். விதி அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த விதி ஒவ்வொரு விநாடியும் வேறு விடையைக் கேட்கிறது.

மேல் மட்டத்திற்கு அருகில்தான் தொந்தரவு அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். 30 மீட்டரில் 3 லிட்டராக இருந்த காற்று 20 மீட்டருக்கு வரும்போது 4 லிட்டர் ஆகிறது. 10 மீட்டரில் 3 லிட்டராக இருந்ததோ மேல் மட்டத்தில் 6 லிட்டர்! ஆழம் குறைந்த இடம் சுலபமான இடம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். சமமிதப்பைப் பொறுத்த வரையில் அதுதான் கஷ்டமான இடம்.

வீட்டிலிருந்தபடியே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மிருதுவான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் கழுத்து வரை தண்ணீர் நிரப்புங்கள். சொட்டு மருந்து விடும் கண்ணாடிக் குழாயை ரப்பர்க் குமிழோடு எடுத்து, அதன் தலை மட்டும் நீருக்கு மேல் தெரியும் அளவிற்குத் தண்ணீரை உறிஞ்ச வைத்துப் பாட்டிலுக்குள் மிதக்க விடுங்கள். மூடியை இறுக மூடிவிட்டுப் பாட்டிலை அமுக்கினால் குழாய் கீழே போகும். பிடியைத் தளர்த்தினால் மேலே வரும். குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு, குழாயைப் பாட்டிலின் நடுவிலே நிறுத்தச் சொல்லுங்கள். சிரிப்பு நின்றுவிடும். கை ஓயாமல் சற்று அமுக்கியும் சற்று விட்டும் பார்க்க வேண்டியிருக்கும். பொறுமையுள்ள குழந்தைக்கே அது வசப்படும். சமமிதப்பின் முழு ரகசியமும் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கிறது.

ஈயத்தின் கணக்கு

முதல் நாள் அவள் தக்கையைப் போல் மேலே போனதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஸிலிண்டரில் உள்ள காற்றுக்கும் எடை உண்டு. சாதாரணமாக உபயோகிக்கும் ஸிலிண்டர் 11 லிட்டர் கொள்ளும். அதில் 200 வாயுமண்டல அழுத்தத்தில் காற்று அடைத்திருந்தால், வெளியே அது 2,200 லிட்டர். லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம் வீதம் இரண்டரை கிலோவுக்கு மேல் ஆகிறது. அழுத்தம் 50-க்கு இறங்கும் வரை சுவாசித்துவிட்டால், சுமார் 2 கிலோ காற்று குமிழ் குமிழாக வெளியே போயிருக்கும். இறங்கும்போது சரியாக இருந்தவள், முடியும்போது 2 கிலோ இலேசாகி விட்டாள்.

இரண்டாவது, ஆழத்தில் அமுங்கிக் கிடந்த ரப்பர் உடை 5 மீட்டருக்கு வந்ததும் மறுபடியும் உப்பிக்கொண்டது. மூன்றாவது, அவள் பயந்து போயிருந்தாள். பயந்தவர் மார்பு நிறையக் காற்றை வாங்குவார், பாதிதான் விடுவார்.

இந்த மூன்றில் முதல் இரண்டிற்கும் ஈயம் மருந்து. மூன்றாவதற்கு ஈயம் மருந்தல்ல. மறுநாள் 3 கிலோ கூடுதலாகக் கட்டியது, பயத்திற்கும் சேர்த்து ஈயம் கொடுத்தது போல் ஆயிற்று.

"அதிகமாக இருந்தால் என்ன? சட்டையில் காற்றை அடைத்துச் சரிக்கட்டிக் கொள்ளலாமே!" என்று கேட்கலாம். சரிக்கட்டலாம். ஆனால் அதிகப்படியான ஒவ்வொரு கிலோ ஈயத்திற்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று சட்டையில் வேண்டும். அந்தக் காற்றுத்தான் அமுங்கவும் விரியவும் போகிறது. 3 கிலோ அதிகமானால் 10 மீட்டரில் 3 லிட்டர். 5 மீட்டருக்கு வந்தால் அது 4 லிட்டர். கேட்காமலே ஒரு கிலோ தூக்கு விசை வந்து சேர்ந்து விடுகிறது. அதிகமான ஈயம் மூழ்கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே மேலே தூக்கியும் எறியும் என்பது பலருக்குத் தெரியாது.

அப்படியானால் சரியான அளவு எது? அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. நீந்தி முடித்து ஸிலிண்டரில் 50 அளவு அழுத்தம் இருக்கும்போது, மேல் மட்டத்தில் நிமிர்ந்து நின்று, சட்டையிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, கால்களை ஆட்டாமல், சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து ஒரு கணம் நிற்க வேண்டும். நீர் மட்டம் கண்களுக்கு நேராக இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக மூழ்க வேண்டும். மூச்சை விடாமலே மூழ்கினால் ஈயம் அதிகம்; விட்டும் மூழ்காவிட்டால் குறைவு. நிறைந்த ஸிலிண்டரோடு இந்தப் பரீட்சையைச் செய்தால், செலவாகப் போகும் காற்றுக்காக இரண்டு கிலோ சேர்த்துக் கொள்ள வேண்டும்.

நீச்சல் குளத்தில் பார்த்த அளவு கடலுக்கு ஆகாது. ஒரு லிட்டர் கடல் நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 25 கிராம் கனமானது. மொத்தம் 90 கிலோ உள்ளவருக்குக் கடலில் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக வேண்டியிருக்கும். உடை மாறினாலும் ஸிலிண்டர் மாறினாலும் கணக்கு மாறும். ஆகையால் இந்தப் பரீட்சையை ஒவ்வொரு புது ஊரிலும் செய்து, விடையை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்துக் கொள்வது நலம். படகில் அவசரப்படுத்துகிறார்கள் என்று இதை விட்டுவிடக் கூடாது.

மூச்சே சுக்கான்

ஈயம் சரியாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி மார்புக்குள் இருக்கிறது.

ஸிலிண்டர் இரும்பு அல்லது அலுமினியத்தால் ஆனது. உள்ளே காற்று குறைந்தாலும் அது சுருங்குவதில்லை. மார்போ காற்று வந்தால் விரிகிறது. ஆகவே ஸிலிண்டரிலிருந்து ஒரு லிட்டர் காற்று சுவாசப் பைக்கு வந்தால், மொத்த எடை மாறாமலே ஆள் ஒரு லிட்டர் பருத்துவிடுகிறார். ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கு விசை கிடைக்கிறது. அந்த லிட்டரை வெளியே விட்டால் அது போய்விடுகிறது. அமைதியாக ஆழ்ந்து சுவாசிக்கிறவருக்கு இப்படி ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் வித்தியாசத்தை விருப்பப்படி உண்டாக்கிக் கொள்ள முடியும். கூஸ்தோ காலத்து முதல் நீச்சல்காரர்களுக்குக் காற்றுச் சட்டையே கிடையாது. இடுப்பில் ஈயமும் மார்பில் மூச்சும்தான் அவர்களுடைய கருவிகள். அவற்றைக் கொண்டே அவர்கள் மீன்களோடு மீன்களாகத் திரிந்தார்கள்.

ஆகையால் சட்டைக்கு ஒரு வேலை, மூச்சுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்துக் கொள்ள வேண்டும். ஆழம் மாறியதால் ரப்பர் உடை இழந்த மிதப்பைத் திருப்பிக் கொடுப்பது சட்டையின் வேலை. அந்த ஆழத்தில் ஒரு முழம் ஏறுவதும் இறங்குவதும் மூச்சின் வேலை. எதிரே ஒரு பாறை வந்தால் பித்தானைத் தேடக் கூடாது. இரண்டடி முன்பே மூச்சை இழுக்க ஆரம்பித்தால் உடம்பு தானே பாறைக்கு மேல் எழும்.

"முன்பே" என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். மூச்சை இழுத்த உடனே உடம்பு எழும்புவதில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்தே எழும்பும். சட்டையின் பித்தானை அமுக்கினாலும் அப்படியே. புதியவர் பித்தானை அமுக்குகிறார், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடியும் அமுக்குகிறார், மூன்றாம் தடவையும் அமுக்குகிறார். அதற்குள் முதல் தடவை அமுக்கியது பலிக்க ஆரம்பிக்கிறது. பின்னாலேயே மற்ற இரண்டும் வருகின்றன! பயந்து எல்லாக் காற்றையும் திறந்து விடுகிறார். உடனே கீழே போகிறார். உப்புக் கரைவதற்குள் ருசி பார்த்துவிட்டு, போதவில்லை என்று மறுபடியும் போடுகிறவரின் சாம்பார் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகிறது. ஒரு தடவை மட்டும், சிறிது மட்டும், பிறகு ஒரு முழு மூச்சு விட்டு வாங்கும் நேரம் வரை காத்திருத்தல் என்பதே சூத்திரம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மூச்சை ஆளுவது வேறு, அடக்குவது வேறு. குளியாளி மூச்சை அடக்கலாம். அவன் மேலே வாங்கிய காற்றை மேலேதான் கொண்டு வருகிறான். ஸ்கூபாக்காரர் ஆழத்தின் அழுத்தத்திலே காற்றை வாங்கியவர். அதை அடக்கிக் கொண்டு ஏறினால், காற்று விரிந்து சுவாசப் பையைக் கிழித்துவிடக் கூடும். இரண்டு மீட்டருக்கும் குறைந்த ஏற்றத்திலேகூட இந்த அபாயம் உண்டு. ஆகையால் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மார்பு சற்று நிறைந்த நிலையில் ஓடலாம், சற்றுக் குறைந்த நிலையில் ஓடலாம். நிற்க மட்டும் கூடாது.

கையைக் கட்டு, காலை நீட்டு

புதியவர்களை நீருக்குள் பார்த்தால் சைக்கிள் மிதிப்பது போல் நிமிர்ந்து நின்று காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கால் வீச்சு அவர்களை மேலே தள்ளுகிறது. அதிக ஈயம் கீழே இழுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாக இருப்பதால் சமமிதப்பு வந்துவிட்டதாக நினைத்துக் கொள்வார்கள். காலை நிறுத்தினால் வேஷம் கலைந்துவிடும். எனவே அடிக்கடி கால்களை நிறுத்திப் பார்ப்பது நல்ல வழக்கம்.

உடம்பு பாயில் குப்புறப் படுத்தது போல் நீண்டு இருக்க வேண்டும். முழங்கால் சற்று மடங்கி, துடுப்பு முழங்காலை விட உயர்ந்து இருக்கட்டும். அப்போது கால் வீச்சு முன்னே மட்டும் தள்ளும். அடியிலுள்ள மணலையும் கிளப்பாது. கால்கள் தொங்கினால் இடுப்பிலுள்ள ஈயத்தில் கொஞ்சத்தைத் தோள்பக்கம் ஏற்ற வேண்டும். கைகளுக்கு வேலையே இல்லை. மார்புக்கு முன்னால் கோத்துக் கொள்வது உத்தமம். துழாவும் கை காற்றையும் செலவழிக்கும், கண்ணில் படாத பவளத்தையும் ஒடிக்கும்.

பழகுவதற்கு மூன்று அப்பியாசங்களைச் சொல்லுகிறேன். மூன்றையும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

ஒன்று: ஆழமில்லாத நீச்சல் குளத்தின் தரையில், அல்லது உயிரினம் எதுவும் இல்லாத மணல் தரையில், குப்புறப் படுத்துத் துடுப்பின் நுனியை மட்டும் ஊன்றிக் கொள்ளுங்கள். சட்டையில் சிறிது சிறிதாகக் காற்று விடுங்கள். ஒரு நிலையில், மூச்சை இழுத்தால் உடம்பு நாகம் படமெடுப்பது போல் எழும்; விட்டால் தணியும். அதுதான் சமமிதப்பு. அந்த உணர்ச்சியை உடம்பு ஞாபகம் வைத்துக் கொள்ளும்படி பத்துத் தடவை செய்யுங்கள்.

இரண்டு: நங்கூரக் கயிற்றின் பக்கத்தில், அதைத் தொடாமல், அதிலுள்ள ஓர் அடையாளத்தின் மேல் கண் வைத்து, கையும் காலும் அசையாமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள். வெறும் நீலத்திற்குள் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியாது, கயிறு சொல்லிவிடும்.

மூன்று: நீந்தி முடிக்கும் சமயத்தில், ஸிலிண்டரில் காற்றுக் குறைந்திருக்கும்போது, 5 மீட்டரில் 3 நிமிஷம் நில்லுங்கள். இதுதான் பரீட்சைகளில் பெரியது. இதில் தேறியவருடைய ஈயமும் மூச்சும் சரியாக இருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

அந்த 3 நிமிஷம் வெறும் சடங்கல்ல. அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்திருக்கிறது. கோலி சோடாவைப் பட்டென்று உடைத்தால் பொங்குகிறதல்லவா? அவசரமாக மேலே வந்தால் உடம்பிலும் அப்படிக் குமிழ்கள் தோன்றலாம். மூட்டு வலியில் தொடங்கி, அங்கங்கள் செயலற்றுப் போவது வரையில் அதன் விளைவுகள் உண்டு. நிமிஷத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏற வேண்டும். சட்டையிலுள்ள காற்று விரிய விரிய, குழாயை உயர்த்திச் சிறிது சிறிதாக வெளியேற்றிக் கொண்டே வர வேண்டும். சமமிதப்பு தெரியாதவர் இந்த இரண்டையும் செய்ய முடியாது. ஆகையால் அது நீந்துவதற்கு அழகு சேர்க்கும் கலை மட்டுமல்ல. உயிரைக் காக்கும் கலை.

விட்டுவிடட்டுமா?

"விட்டுவிட வேண்டாம், அம்மா" என்றே பதில் எழுதினேன். மிதப்பதும் மூழ்குவதும் சுபாவத்தின் குற்றமல்ல. இரண்டும் இரண்டு கிலோ ஈயத்திற்குள்ளும் ஒரு லிட்டர் மூச்சிற்குள்ளும் அடங்கிய குற்றங்கள். அடுத்த முறை போகும்போது முதல் இரண்டு நாளும் மீனைப் பார்க்காதே, பவளத்தைப் பார்க்காதே, மணலுக்கு மேலே இருந்து உன் மூச்சையே பார் என்றும் எழுதினேன். சும்மா இருப்பதைப் போன்ற கஷ்டமான காரியம் உலகில் இல்லை என்று நம் பெரியவர்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மனத்தைப் பற்றிச் சொன்னது, தண்ணீருக்குள் உடம்புக்கும் பொருந்துகிறது.

ஒடிந்த பவளக் கிளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்ப்பதற்குக் கல்லாகத் தோன்றினாலும் பவளம் உயிருள்ள சிறு பிராணிகள் கூடிக் கட்டிய வீடு. பாறையைப் போலத் திரண்டு வளரும் பவள ஜாதிகள் வருஷத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளருகின்றன. கிளை விட்டு வளரும் ஜாதிகள் அதைவிட வேகமாக வளரும். ஆனால் அவைதான் சுலபமாக ஒடியும். கடல் நீர் சூடேறி வெளுத்துப்போகும் கஷ்டம் ஏற்கெனவே பவளங்களுக்கு இருக்கிறது. பார்க்கப் போகிறவர்களின் முழங்காலும் அதோடு சேர வேண்டாம். பவளத்திற்கு மேல் ஒரு முழம் விலகி அசையாமல் நிற்கத் தெரியாதவர், தெரியும் வரையில் மணல் பக்கமே இருப்பதுதான் மரியாதை.

கடைசியாக, பெற்றோர்களுக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இந்த வித்தையைக் கற்கப் போகிறேன் என்றால், "வேண்டாம்" என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். "போ" என்று மட்டும் சொல்லியும் அனுப்பிவிடாதீர்கள். முதலில் வைத்தியரிடம் காட்டி, காதும் சுவாசப் பையும் இதற்குத் தகுதியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிறகு, கற்றுக் கொடுக்கும் இடத்தில் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ஓர் ஆசிரியரிடம் எத்தனை பேர்? கடலுக்கு முன் ஆழமில்லாத நீரில் எத்தனை நாள்? ஈயத்தை ஒவ்வொருவருக்கும் நீரிலே சோதித்துப் பார்ப்பார்களா, அல்லது ஆளைப் பார்த்து உத்தேசமாகக் கட்டி விடுவார்களா? அசையாமல் நிற்க வராதவனை என்ன செய்வார்கள்?

நாலாவது கேள்விக்கு, "வரும் வரையில் மேலே அழைத்துப் போக மாட்டோம்" என்று எந்த இடத்தில் பதில் சொல்கிறார்களோ, அந்த இடத்தில் பணத்தைக் கட்டுங்கள்.